சின்ன சமையலறையில் கறுப்பும் செம்பும்: இறங்குவதற்கு முன் படிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் சமையலறை எட்டடிக்கு ஆறரை அடி. சென்னையில் இரண்டு படுக்கையறை பிளாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுதான். அதில் கறுப்பு அலமாரியும் செம்பு நிறக் கைப்பிடியும் போட்டு முடிப்பதற்குள் கல் கடை, பிளைவுட் கடை, கார்பெண்டர், அசோசியேஷன் என்று ஏகப்பட்ட அலைச்சல். யாரிடம் எதை முதலில் கேட்க வேண்டும் என்று ஒருவரும் வரிசையாகச் சொல்லவில்லை. படங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் படங்களில் இருக்கும் சமையலறையில் கடுகு வெடிப்பதில்லை, புளி கரைப்பதில்லை, போர் தண்ணீரில் பாத்திரம் கழுவுவதில்லை. நம் வீட்டில் இதெல்லாம் தினமும் மூன்று வேளையும் நடக்கிறது. அதனால் எந்தக் கறுப்பு அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுத் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் எந்த ஃபினிஷ் தாங்கும் என்று பாருங்கள். கீழே இருக்கும் வரிசை முழுக்க அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

1. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், அப்புறம் வெளிச்சத்தை

இப்போது இருக்கும் கறுப்பு மேடையிலோ, ஒரு கறுப்புத் தட்டிலோ குழாய்த் தண்ணீரை நாலைந்து சொட்டு விட்டு, துடைக்காமல் காய விடுங்கள். காய்ந்ததும் வெள்ளை வளையம் தெரிந்தால், அதை விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால் பரவாயில்லை. ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் உங்கள் தண்ணீர் கடினம். பளபளக்கும் கறுப்பு சிங்க், பளபளக்கும் கறுப்புக் குழாய் இரண்டையும் இந்த நிமிடமே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் அசோசியேஷனில் தண்ணீர் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் டிடிஎஸ்ஸை (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) விட 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரிதான் நமக்கு முக்கியம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. 200-ஐத் தாண்டினாலே கறுப்பில் உப்புத் தடம் தெரிய ஆரம்பிக்கும்.

வெளிச்சத்துக்கு, பகல் 12 மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மேடையில் ஒரு செய்தித்தாளை விரித்துப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் உங்கள் சமையலறை ஏற்கெனவே இருட்டு. அதற்காகக் கறுப்பை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் விளக்குக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிச்சமே இருக்காது.

2. எங்கே கறுப்பு, எங்கே கூடாது

சின்ன அறைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இடுப்புக்குக் கீழே கறுப்பு, இடுப்புக்கு மேலே வெளிர் நிறம். மேடையும் கீழ் அலமாரிகளும் கறுப்பு. மேல் அலமாரியும் பரண் கதவும் சுவரின் நிறத்திலேயே, அதாவது க்ரீம் அல்லது லேசான சாம்பல் கலந்த வெள்ளை. மேற்கூரை சுத்த வெள்ளை. பரண் கதவைக் கறுப்பாக்கினால் கூரை தலையில் இறங்கிய மாதிரி ஆகிவிடும். எட்டடி அறையில் அதைச் சரிசெய்ய எந்த விளக்காலும் முடியாது.

அலமாரியின் உள்பக்கம் கண்டிப்பாக வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்க வேண்டும். கறுப்பு என்றதும் என் மாமியார் சொன்ன முதல் வார்த்தையே "இருட்டா இருந்தா பூச்சி இருக்கிறது தெரியாதும்மா" என்பதுதான். அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. கரப்பான் எச்சம், சிந்திய பருப்பு, சிங்க் அடியில் ஈரம், எதுவுமே கறுப்பு உள்பக்கத்தில் கண்ணில் படாது.

அடுப்படியில் கறுப்பு ஆகாது என்று வாஸ்து பார்த்துச் சொல்கிற பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. அவர்களிடம் கட்டாயம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நம் ஊரில் மேடைக்கல் பெரும்பாலும் கறுப்புதான் என்பதைக் காட்டினால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மேல் பாதி வெளிர் நிறம் என்று தெரிந்தால் மீதியும் முடியும்.

3. காகிதங்கள்

வேலை ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை:

அசோசியேஷனுக்கு ஒரு கடிதம், அவர்கள் கொடுக்கும் எழுத்து அனுமதி. அதில் வேலை நேரம், சனி ஞாயிறு உண்டா, லிஃப்டில் கல் ஏற்றலாமா, இடிபாட்டை எங்கே போடுவது, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் எவ்வளவு, இதெல்லாம் இருக்க வேண்டும். லிஃப்ட் விஷயத்தை வாய்வார்த்தையாக விட்டால் மேடைக்கல் வந்து இறங்கும் நாளில் வாட்ச்மேனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், படியில் ஏற்றுகிற கூலி தனியாக உங்கள் தலையில் விழும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம். வாட்ஸ்ஆப் செய்தியாவது இருக்கட்டும். கல், டைல்ஸ், சுவரில் துளை எதற்கும் போகாமல் கைப்பிடி, விளக்கு இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய கைப்பிடிகளை ஒரு பையில் போட்டு எழுதி வைத்தால் காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிட்டுப் போகலாம்.

கொட்டேஷன். இதில்தான் பெரும்பாலான சண்டை பிறக்கிறது. 'மாடுலர் கிச்சன், கறுப்பு, முழுவதும்' என்று ஒரே வரியில் ஒரு தொகையை எழுதித் தந்தால் அதை வாங்காதீர்கள். பிளைவுட் எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர், பின்பலகை எத்தனை, லேமினேட் (பலகை மேல் ஒட்டும் தாள்) பிராண்டும் எண்ணும், உள்பக்க லைனர், கீல் எந்த நிறுவனம், சாஃப்ட் குளோஸ் உண்டா, கைப்பிடி எத்தனை, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று வரிவரியாகக் கேளுங்கள். பிளைவுட், லேமினேட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சத்துக்கு 27,000 ரூபாய். 'பில் இல்லாமல் முடித்துக்கலாம் சார்' என்பார்கள். பில் இல்லாவிட்டால் கீல், குழாய், சிம்னி எதற்கும் வாரன்டி கேட்க வாய் இருக்காது.

அளவு வரைபடம். கார்பெண்டர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து இரண்டும் அதில் இருக்கட்டும். சுவரை மூடும் முன் குழாயும் வயரும் போகும் பாதையை டேப் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் கரண்டி தொங்கவிடும் செம்புக் கம்பியை மாட்டத் துளை போடும்போது இந்தப் படம்தான் காப்பாற்றும்.

4. மேடைக்கல்

கறுப்புக் கல்லில் மூன்று வகை உங்கள் முன்னால் வரும்.

முதலாவது, ஒரே சீரான கறுப்பு கிரானைட். விழுப்புரம் மாவட்டம் குன்னம் பக்கத்துக் கல் இதற்குப் பேர் போனது. இரண்டாவது, பிளாக் கேலக்ஸி. ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம் சீமகுர்த்தியில் வெட்டி எடுப்பது, கறுப்புக்குள் பொன்னிறப் புள்ளிகள் மினுங்கும். செம்புக் கைப்பிடியோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் நிறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். புள்ளி இருப்பதால் உப்புத் தடமும் மாவும் சட்டென்று கண்ணில் படாது, அது கூடுதல் லாபம். மூன்றாவது, கடப்பா கல். விலை குறைவு என்று மேடைக்கே போடச் சொல்லுவார்கள். கூடவே கூடாது. அது சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ பட்டால் வெள்ளையாக அரித்த தடம் விழும், தேய்த்தாலும் போகாது. அலமாரிக்குள் தடுப்புப் பலகையாகப் போட மட்டும் கடப்பா சரி.

செயற்கை குவார்ட்ஸ் மேடையும் கறுப்பில் கிடைக்கிறது, பார்க்க அருமை. அதில் பிசின் கலந்திருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைக்கும் பழக்கம் இருக்கும் வீட்டில் தடம் விழுந்துவிடும்.

இனி முக்கியமான பொறி: சாயம் ஏற்றிய கல். சாம்பல் நிறக் கிரானைட்டில் கறுப்புச் சாயம் ஏற்றி முழுக்கறுப்பு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் காட்டிய பலகை அப்படித்தான் இருந்தது. கண்டுபிடிக்க அசிட்டோன் அடிப்படையிலான நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு பாட்டிலும் வெள்ளைப் பருத்தித் துணியும் போதும். பாலிஷ் செய்த பக்கத்தின் மூலையில் துணியை நனைத்து ஒரு நிமிடம் நன்றாக அழுத்தித் தேய்த்தோம். துணியில் முதலில் லேசான சாம்பல், அப்புறம் கண்மை ஈஷிய மாதிரிக் கறுப்பு. கல்லில் தேய்த்த இடம் மட்டும் மங்கி நின்றது. இயற்கையான கறுப்புக் கல்லில் துணி வெள்ளையாகவே இருக்கும். சோதிக்கக் கூடாது என்று கடைக்காரர் தடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பாலிஷா, லெதர் ஃபினிஷா (தோல் மாதிரி சொரசொரப்பான மேற்பரப்பு)? கடினத் தண்ணீர் வீட்டுக்கு லெதர் ஃபினிஷ் வசதி. கை ரேகை, நீர்த்தடம் குறைவாகத் தெரியும். ஆனால் அதன் மேடுபள்ளத்தில் சப்பாத்தி மாவு போய் உட்காரும், சும்மா துடைத்தால் வராது, பிரஷ் போட வேண்டும். மாவு பிசையும் இடத்தை நினைத்து முடிவெடுங்கள்.

தடிமன் 18 முதல் 20 மில்லிமீட்டர். ஆழம் 24 அங்குலம். கல் கடையில் அளவைக் கூட்டி முழு அளவாக்கிக் கணக்குப் போடுவார்கள், எத்தனை அங்குலம் வரை கூட்டுகிறார்கள் என்று முன்பே கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். சிங்க் வெட்டு, அடுப்பு வெட்டு, ஓர மோல்டிங் மூன்றும் தனிக் கூலி. மோல்டிங் ரன்னிங் அடிக் கணக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளப்பது. சிங்க் வெட்டிய துண்டை மறக்காமல் வாங்கி வையுங்கள், சூடான பாத்திரம் வைக்கும் பலகையாக அது காலத்துக்கும் உழைக்கும்.

5. மரவேலை

சிங்க் அடியில் வருவதற்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிடபிள்யூபி (கொதிநீரும் தாங்கும் தரம்) பிளைவுட் மட்டுமே. மற்ற இடங்களுக்கு ஐஎஸ் 303-இல் பிடபிள்யூஆர் (கொதிநீரை ஓரளவு தாங்கும்) தரம் போதும் என்பார்கள். சின்ன சமையலறையில் ஈரம் எல்லா இடத்துக்கும் வரும், கீழ் அலமாரி முழுக்க 710 போட்டுவிடுங்கள், வித்தியாசம் சில ஆயிரங்கள்தான். பலகையில் அடித்திருக்கும் சிஎம்/எல் எண்ணை (முத்திரைக்கான உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். பலகை வீட்டில் வந்து இறங்கும்போது, வெட்டும் முன், இதைச் செய்யுங்கள். வெட்டி ஒட்டிய பிறகு முத்திரை எங்கே என்று தேட முடியாது. பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையில் பிளைவுட், லேமினேட், கைப்பிடிக் கடைகள் வரிசையாக இருப்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கறுப்பு லேமினேட்டில் பளபளப்பை அடியோடு மறந்துவிடுங்கள். கடையில் கண்ணாடி மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்த முதல் வாரமே எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் ரேகையாகத் தெரியும், ஸ்கிரப்பர் பட்டால் சுழிசுழியாகக் கீறல். அக்ரிலிக் ஷட்டருக்கும் (அலமாரிக் கதவு) இதே கதைதான். சாதாரண மேட் லேமினேட் இதைவிட மேல், ஆனால் எண்ணெய்ப் பசை உட்கார்ந்தால் திட்டுத்திட்டாக மினுங்கும். கை ரேகை படியாத மேட் லேமினேட் என்று தனியாக வருகிறது, சாதாரணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. எல்லா ஷட்டருக்கும் வேண்டாம், அடுப்புக்குக் கீழேயும் சிங்க்குக்குக் கீழேயும், அதாவது கை அதிகம் படும் ஷட்டர்களுக்கு மட்டும் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் இரண்டு கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வேறு வேறாகத் தெரியும். கீழ் அலமாரி முழுக்க ஒரே தாள், அல்லது மர ரேகை ஓடும் கறுப்புத் தாள். ரேகை இருப்பது அழுக்கை மறைக்கும், விலையும் குறைவு. நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

வாங்கும் முன் சாம்பிள் துண்டில் தேங்காய் எண்ணெய் தொட்ட விரலை வைத்து, ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துப் பாருங்கள். ஒரே துடைப்பில் போனால் எடுங்கள்.

வெளிப்பக்க லேமினேட் 1 மில்லிமீட்டர், ஓரத்துக்கு அதே கறுப்பில் 2 மில்லிமீட்டர் பிவிசி எட்ஜ் பேண்டிங், மிஷினில் ஒட்டியது. கையால் ஒட்டினால் கோந்துக் கோடு வெள்ளையாகத் தெரியும். வேறு நிறத்தில் கண்ணுக்குப் படாதது கறுப்பில் பளிச்சென்று தெரியும்.

6. செம்பு: எது நிஜம், எது நிறம்

செம்புக்கு ஆகும் செலவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அவசரத்தில் வாங்கிவிடுகிறோம், அப்புறம் ஆறு மாதத்தில் உரிந்து நிற்கிறது.

செம்பு நிறக் கைப்பிடிகளில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையில் செய்து மேலே முலாம் பூசியவை. கனமாக இருப்பதால் நிஜச் செம்பு என்று தோன்றும். காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பா என்று மட்டும்தான் தெரியும், துத்தநாகமும் செம்பும் இரண்டுமே ஒட்டாது. கைப்பிடியைத் திருப்பி ஸ்க்ரூ ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்ளே சாம்பல் நிறம் என்றால் முலாம். முலாம் தப்பில்லை. பிவிடி பூச்சா (வெற்றிடத்தில் ஏற்றும் மெல்லிய கடினப் பூச்சு), வெறும் லாக்கரா (வார்னிஷ் மாதிரி பூச்சு) என்று கேளுங்கள். பிவிடி கடினமானது, வியர்வைக்கும் தினசரித் துடைப்புக்கும் தாங்கும். லாக்கர் பூச்சு நகம் படும் இடத்தில் முதலில் போகும், அங்கிருந்து கறுக்க ஆரம்பிக்கும்.

நிஜச் செம்பு வேண்டுமென்றால் அது கறுக்கும், கடற்கரை ஊரில் இன்னும் சீக்கிரம். அந்த மங்கலான பழுப்பு உங்களுக்குப் பிடிக்குமானால் அப்படியே விடுங்கள், அழகாகத்தான் இருக்கும். பிடிக்காதென்றால் வாராவாரம் புளி போட்டுத் தேய்க்க நேரம் இருக்கிறதா என்று யோசியுங்கள். நிஜச் செம்பைப் புளி, எலுமிச்சையும் உப்பும், பீதாம்பரி எதைப் போட்டும் தேய்க்கலாம். லாக்கர், பிவிடி, முலாம் மூன்றின் மேலும் இவை எதுவும் படவே கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதைக் காட்டிச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று நல்ல மனதோடு முலாமைத் தேய்த்து எடுத்துவிடுவார்.

செம்பு மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். கைப்பிடி, குழாய் அல்லது தொங்கு விளக்கு, கரண்டி மாட்டும் கம்பி. ரோஸ் கோல்டு, ஆன்டிக் காப்பர், பளிச் செம்பு என்று மூன்று சாயலில் பெட்டிகள் வரும். மூன்றையும் ஒரே அறையில் கலந்தால் எதுவுமே செம்பாகத் தெரியாது. முதலில் குழாயை வாங்குங்கள், ஏனென்றால் அதில்தான் சாயல் தேர்வு குறைவு. அந்தக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கைப்பிடிக் கடைக்குப் போங்கள்.

கைப்பிடியின் இரண்டு துளைகளுக்கு இடையே 96, 128, 160 மில்லிமீட்டர் என்று நிலையான அளவுகள் இருக்கின்றன. இதில் ஒன்றையே எடுங்கள். விசித்திரமான அளவில் எடுத்தால் பின்னால் மாற்றும்போது ஷட்டரில் பழைய ஓட்டை பல்லைக் காட்டும்.

செம்புக் கம்பியைச் சுவரில் மாட்டப் பித்தளை அல்லது எஸ்எஸ் (எவர்சில்வர்) ஸ்க்ரூ. சாதாரண இரும்பு ஸ்க்ரூ செம்போடு ஒட்டி ஈரத்தில் இருந்தால் வேகமாகத் துருப்பிடித்து டைல்ஸில் சிவப்பாக ஒழுகும். செம்பு படும் இடத்தில் சிலிகான் பூசுவதானால் வினிகர் வாசனை அடிக்கும் வகை வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும், சில கற்களிலும் கறை விடும். 'நியூட்ரல்' என்று குழலில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுப்புக்குப் பின்சுவரில் செம்புத் தகடு அடிக்கும் யோசனை நிறையப் பேருக்கு வரும். தாளிக்கும் வீட்டில் வேண்டாம். சூடும் புளித்தெறிப்பும் சேர்ந்து புள்ளி புள்ளியாக நிறம் மாறிவிடும்.

தொங்கவிடும் செம்புப் பாத்திரங்களைச் சமையலுக்கும் எடுப்பீர்கள் என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியதாக இருக்க வேண்டும். பூசாததில் ரசம், மோர், எலுமிச்சை சாதம் எதுவும் கூடாது, களிம்பு உணவில் இறங்கும். பூசியதையும் காலியாக அடுப்பில் வைக்காதீர்கள், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.

7. சிங்க், குழாய், டைல்ஸ்

கடினத் தண்ணீர் வீட்டில் கறுப்பு சிங்க் வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள். கறுப்பு குவார்ட்ஸ் சிங்க்கில் ஒவ்வொரு முறையும் துடைக்காவிட்டால் வெள்ளைப் படலம் கட்டும். மேடை, அலமாரி எல்லாம் கறுப்பாக இருக்கும்போது சிங்க் மட்டும் சாதாரண 304 எஸ்எஸ் மேட்டாக இருந்தால் எந்தக் குறையும் தெரியாது. ஆயிரக்கணக்கில் மிச்சம்.

பின்சுவர் டைல்ஸ் வெளிர் நிறமும், இடையில் அடர் சாம்பல் எபாக்ஸி கிரவுட்டும் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் பிசின் கலவை). வெள்ளை கிரவுட்டில் மஞ்சள் கறை ஏறினால் போகாது. கறுப்பு மேட் டைல்ஸ்தான் வேண்டுமென்றால், எபாக்ஸி பூசிய கையோடு படலத்தைத் துடைத்து எடுக்கும் மேஸ்திரியாகப் பாருங்கள். அது இறுகிவிட்டால் மேட் கறுப்பின் மேல் மூடுபனி மாதிரி நிரந்தரமாக நிற்கும். முதலில் ஒரு டைலில் பூசி, துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

8. விளக்கு

மேல் அலமாரியின் அடியில், முன்பக்க விளிம்பை ஒட்டி, அலுமினிய புரொஃபைலுக்குள் எல்இடி பட்டை. இது இல்லாத கறுப்பு சமையலறையில் காய் நறுக்குவது ஆபத்து, உங்கள் நிழலே கத்தி மேல் விழும். 24 வோல்ட் பட்டை எடுங்கள், நீளமாகப் போட்டாலும் கடைசியில் வெளிச்சம் மங்குவது 12 வோல்ட்டை விடக் குறைவு. நிறம் 3000 முதல் 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் செம்பு செத்துப்போன பழுப்பாகத் தெரியும். மீனும் கீரையும்கூட அப்படித்தான். கைப்பிடி வாங்கும்போதும் கடை விளக்கில் பார்த்துவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகலிலும் ஒருமுறை பாருங்கள்.

பட்டை மேடையில் நேராகப் பிரதிபலித்தால், பாலிஷ் கல்லில் ஒவ்வொரு எல்இடியும் புள்ளியாகத் தெரியும். பால் நிற மூடி போட்ட புரொஃபைல் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

9. கேஸ் விஷயத்தில் அழகு பார்க்க வேண்டாம்

சிலிண்டரைக் கறுப்புக் கதவுக்குப் பின்னால் மறைப்பதானால் அந்தக் கதவின் அடியில் காற்றுத் திறப்பு கட்டாயம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், குழாயின் மேல் தேதி அச்சிட்டிருக்கும். அதை அலமாரிப் பலகைக்குப் பின்னால் கண்ணில் படாத மாதிரி ஒளித்து வைக்கவே கூடாது. ரெகுலேட்டரைக் குனியாமல் மூடும்படி கதவு திறக்க வேண்டும்.

10. செலவு

எட்டுக்கு ஆறரை அடி, எல் வடிவ மேடை, 13 ரன்னிங் அடி என்று வைத்துச் சென்னை விலையில் தோராயமாகச் சொல்கிறேன். உங்கள் ஊரில் மூன்று கடையில் கேட்டுச் சரிபாருங்கள்.

பழைய மேடை இடிப்பு, குப்பை அகற்றல்: 8,000 முதல் 15,000.
கிரானைட் சுமார் 30 சதுர அடி: 5,500 முதல் 9,000. பதிப்பு, வெட்டு, மோல்டிங் கூலி 6,000 முதல் 10,000.
கீழ் அலமாரி சுமார் 35 சதுர அடி: 45,000 முதல் 67,000.
மேல் அலமாரி 18 சதுர அடி: 23,000 முதல் 34,000.
கூடைகள், சேனல்கள்: 20,000 முதல் 30,000.
டைல்ஸ், எபாக்ஸி, கூலி: 8,000 முதல் 12,000.
சிங்க்: 5,000 முதல் 10,000. குழாய்: 4,000 முதல் 9,000.
கைப்பிடிகள்: 3,000 முதல் 7,000.
விளக்கும் வயரிங்கும்: 6,000 முதல் 10,000.

மொத்தம் சுமார் 1,33,500-லிருந்து 2,13,000 வரை. இதில் சிம்னியும் அடுப்பும் இல்லை. குறைக்க வேண்டுமென்றால் கூடைகளில் குறையுங்கள், எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கச் சாதாரணத் தட்டே போதும். பிளைவுட்டிலும் கீலிலும் கை வைக்காதீர்கள்.

பணம் தரும் முறை: ஒப்பந்தத்தில் 10 சதவீதம், பலகை வீட்டில் இறங்கி முத்திரை பார்த்த பிறகு 40, அலமாரி மாட்டியதும் 40, மீதி 10 எல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து. பாதிப் பணம் முன்கூட்டியே கேட்டால் பலகை, லேமினேட்டை நீங்களே கடையில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

11. காலமும் வரிசையும்

வயரிங்கும் குழாயும் முதலில், அப்புறம் மேடை, அப்புறம் டைல்ஸ். டைல்ஸ் முடிந்த பிறகுதான் அலமாரிக்குக் கடைசி அளவு எடுக்க வேண்டும். முன்கூட்டியே அளவெடுத்துத் தொழிற்சாலையில் செய்யக் கொடுத்தால் சுவர் அரை அங்குலம் கோணியிருப்பது மாட்டும் அன்றைக்குத்தான் தெரியும், அந்த இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கறுப்புக்குப் பக்கத்தில் பட்டி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுவர், மேடை, டைல்ஸ் இரண்டு வாரம். அலமாரி செய்து மாட்ட மூன்றிலிருந்து ஐந்து வாரம். அந்தக் காலத்தில் சமைக்க பால்கனியிலோ ஹாலிலோ ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிக்காதீர்கள். ஃபெவிகால் காய நேரமாகும், பலகை ஈரம் குடிக்கும். ஆடியில் புது வேலை குறைவு என்பதால் ஆளும் கிடைப்பார்கள், கூலியிலும் பேச இடமிருக்கும். தை பிறந்துவிட்டால் கார்பெண்டரைப் பிடிப்பதே கஷ்டம். வட மாநிலத் தொழிலாளர்கள் என்றால் தீபாவளி, ஹோலி சமயம் ஊருக்குப் போகிறார்களா, எப்போது திரும்புவார்கள் என்று ஒப்பந்தத்தின்போதே கேட்டுவிடுங்கள்.

12. கடைசித் தவணை தரும் முன்

இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, மொபைல் டார்ச்சை ஷட்டரோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். லேமினேட்டில் காற்றுக் குமிழ், கோந்துத் தடம், கீறல் எல்லாம் அந்தக் கோணத்தில்தான் தெரியும். ஒவ்வொரு கதவையும் பத்துமுறை திறந்து மூடுங்கள். சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு அடியில் கை வைத்துப் பாருங்கள். சிலிகான் பூசிய இடத்தில் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, அன்றைக்கே பால் காய்ச்ச நினைத்தால் சிங்க் பக்கம் போகாமல் காய்ச்சுங்கள்.

அப்புறம் கார்பெண்டரிடம் கேட்டு வாங்க வேண்டியவை: மிச்சமான கறுப்பு லேமினேட் துண்டு, எட்ஜ் பேண்டிங் இரண்டு மீட்டர், கூடுதலாக இரண்டு கைப்பிடி, நாலு டைல்ஸ், லேமினேட் தாளின் பின்னால் ஒட்டியிருக்கும் எண். அதே கறுப்பு அடுத்த வருடம் கடையில் வராது, வந்தாலும் சாயல் மாறியிருக்கும். இவற்றை பில்களோடு சேர்த்துப் பரணில் போட்டுவிட்டு, கடைசிப் பத்து சதவீதத்தைக் கொடுங்கள்.